நத்தை, ஒரு ஜோடி

ஒரு நாள் காலையில் நத்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, வீட்டுக்கு எதிரே ஒரு பலகை நின்றிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை அந்த இடத்தில் அவர் படகைக் கட்டிப்போடும் முளை இருந்தது. முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் பலகையை நட்டுவிட்டார்கள். புதிதாக ஒரு குழி தோண்டினால் பூமிக்கு வலிக்குமே என்று யோசித்திருப்பார்கள். அவ்வளவு இளகின மனசுக்காரர்கள். படகு காற்றில் நகர்ந்துபோய் நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

நத்தை என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, ஊர் வைத்த பெயர். ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் துடுப்புப் படகில் ஆள் ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. நடுவில் ஒரு திட்டு. திட்டு முழுக்க மரம், மரம் முழுக்கப் பறவைக் கூடு. அந்த இடம் வந்தால் மனிதர் துடுப்புப் போடுகிறாரா, தண்ணீரைத் தடவிக்கொடுக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிடும். "யோவ், கொஞ்சம் சீக்கிரம் போய்யா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று யாராவது கத்தினால், "குஞ்சு பொரிச்சிருக்குங்க, மெதுவாப் பேசுங்க" என்பார். இப்படி ஊரையே நேரங்கடத்தி வாங்கிய பெயர் அது. நாளடைவில் நிலைத்தும் விட்டது. அவர் சொந்தப் பெயர் என்னவென்று திடீரென்று கேட்டால் அவருடைய மனைவிகூடக் கொஞ்சம் யோசிப்பாள். அவளையும் ஊரில் மீன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்பாள். எடையிலும் பேச்சிலும் கறார்.

நத்தை பலகையைப் படித்தார். தலைப்பில் பெரிய பச்சை எழுத்தில் 'வாழிடம்'. அடியில் 'இங்கே வாழ்வது தண்டனைக்குரிய குற்றம்'. அதற்கும் அடியில், 'இவ்விடத்தில் வாழும் உயிரினங்கள்: கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, நத்தை (ஒரு ஜோடி)'. கடைசியில் 'இயற்கைச் சுற்றுலா மேம்பாடு மற்றும் பாதுகாப்பு வாரியம்'.

நத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்தா, இங்க வந்து பாரேன். நம்ம பேரைப் போட்டிருக்காங்க!"

மீன்காரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எங்க?"

"இதோ. நத்தை, ஒரு ஜோடி. உன்னையும் சேர்த்துத்தான்."

"மேல என்ன போட்டிருக்கு, அதைப் படிச்சீங்களா?"

"வாழிடம்னு போட்டிருக்கு. நல்ல வார்த்தைதானே?"

"அதுக்குக் கீழ?"

அவர் இன்னொரு தடவை படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பேரையும் போட்டு, எழுந்து போடான்னும் போட்டிருக்கான்" என்றாள் மீன்காரம்மா. "ரொம்பத்தான் பூரிச்சுப் போறீங்க."

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன்னால் வாரியத்திலிருந்து கணக்கெடுப்புக்காரர் ஒருவர் வந்தார். ஏரிக்கரையில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுப்பது அவர் வேலை. வெயில் கொளுத்தியதால் ஏரி வரைக்கும் போகாமல் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து கணக்கெடுத்தார். "கரையில யாரு யாருய்யா இருக்கா?" என்று கேட்டார். "கொக்கு இருக்கு, நாரை இருக்கு, அப்புறம் நம்ம நத்தையும் அது ஜோடியும் இருக்கு" என்றார் கடைக்காரர், கிண்டலாக. கணக்கெடுப்புக்காரருக்குக் கிண்டல் பழக்கமில்லை. எழுதிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மீன்காரம்மாவின் தம்பி அந்த வாரிய அலுவலகத்தில் பியூன். அக்கா ஆள் விட்டதும் ஓடி வந்தான்.

"மாமா, நேரா அதிகாரியையே பார்த்துருங்க. நல்ல மனுஷன்தான். ஆனா எந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்னு பார்த்துப் பேசணும்."

"நாற்காலியா? என்னடா சொல்ற?"

"வந்து பாருங்க மாமா. சொன்னா நம்பமாட்டீங்க."

அலுவலகம் ஒரே அறை. அதற்குள் எதிரும் புதிருமாக இரண்டு மேசைகள். ஒன்றில் 'மேம்பாடு' என்று பெயர்ப் பலகை. அதற்குச் சுழல் நாற்காலி, பஞ்சு மெத்தை, பக்கத்தில் மின்விசிறி. இன்னொன்றில் 'பாதுகாப்பு'. அதற்கு ஒரு மர நாற்காலி. அதில் ஒரு கால் குட்டை, அதனால் அடியில் 'பறவைகளைக் காப்போம்' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்களை மடித்துச் செருகியிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார நாற்காலி ஏதும் கிடையாது. வாரியத்துக்கு இரண்டு நாற்காலிகள் வேண்டும், ஒன்றிலிருந்து கேட்க வேண்டும், மற்றதிலிருந்து பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரே ஒருவரைத்தான் நியமித்தார்கள். அவரோ சட்டத்தைத் துளியும் மீறாதவர்.

நத்தை உள்ளே நுழைந்தபோது அதிகாரி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஏரிக்கரையில் விடுதி கட்ட அனுமதி கேட்டுப் பணிவாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய் மர நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார். "இவங்களுக்கு வேற வேலையே இல்லை" என்று முணுமுணுத்தார். நெற்றியைத் தேய்த்து ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி எழுந்து சுழல் நாற்காலிக்கு வந்து, கடிதத்தைப் படபடப்போடு திறந்து பார்த்தார். "அப்பாடா, குடுத்துட்டாங்க!" என்று மூச்சுவிட்டார்.

நத்தை இரண்டு மேசைக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

"வாங்க வாங்க" என்று அதிகாரி முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "ஏரியைச் சுத்திப் பார்க்க வந்தீங்களா?"

"இல்லைங்கய்யா. நான் அங்க குடியிருக்கிறவன்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அது அந்தப் பக்கம்" என்று எழுந்து போய் மர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து நிமிர்ந்து, "யாருய்யா நீங்க? என்ன வேணும்?" என்றார், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் போல.

நத்தை முதலிலிருந்து சொன்னார். பலகையில் இருக்கும் ஜோடி தாங்கள்தான் என்றார். நத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் அதிகாரியின் கண் கனிந்துவிட்டது.

"அந்த நத்தை மேல எவனாவது கை வச்சான், நேரா ஜெயில்தான். அதோட கூட்டை அசைச்சாலும் ஜெயில். இந்த நாற்காலியில நான் இருக்கிற வரைக்கும் அதை ஒரு பய தொட முடியாது."

நத்தை ஒரு அடி முன்னால் வந்தார். "ரொம்ப நன்றிங்கய்யா. அப்போ நாங்க அங்கேயே இருந்துக்கலாங்களா?"

"நீங்க யாரு?"

"நத்தைங்க."

"விளையாடாதீங்க. நீங்க மனுஷன்."

"மனுஷன்தாங்க. பேருதான் நத்தை."

"மனுஷன் இருந்தா நத்தைக்குத் தொந்தரவு. நீங்க காலி பண்ணாத்தான் அது நிம்மதியா வாழும்."

"நான் காலி பண்ணிட்டா அங்க நத்தையே இருக்காதுங்களே!"

"உங்களை மாதிரி ஆளுங்க இப்படிப் பேசிப் பேசித்தான்யா உலகத்துல எல்லா உயிரும் அழிஞ்சு போச்சு."

நத்தை பலகையில் இருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டார். "வாழிடம்னு போட்டிருக்கீங்க. வாழிடம்னா வாழ்ற இடம்தானுங்களே?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். இந்த நாட்டுல இருக்கிற ஒரு அங்குல வாழிடத்தைக்கூட எவனும் வாழ்ந்து கெடுக்க நான் விடமாட்டேன்." அதிகாரியின் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது. அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

தொடக்க விழா அடுத்த வாரமே வந்தது. வாரியத் தலைவர் வருகிறார் என்பதால் வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்தது. கரையில் இருந்த நாணலையெல்லாம் அழித்து, மண் கொட்டி, உருளை ஓட்டிச் சமப்படுத்தினார்கள். தலைவர் கையால் ஒரு மரக்கன்று நட வேண்டும். கன்றுக்கு வெயில் படாதே என்று பக்கத்தில் நின்ற பெரிய மரத்தை வெட்டினார்கள். அது நத்தை வீட்டுக்கு நிழல் தந்த மரம். மரம் விழுந்த சத்தத்தில் மீன்காரம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

'அமைதி மண்டலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் சத்தம் போடக் கூடாது என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல, மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். "அமைதி! அமைதி!" என்று அது விடியற்காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! இயற்கை நமக்குத் தாய். தாயைப் பார்க்க நாலு பேர் வர வேண்டாமா? வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டாமா? குளிப்பதற்கு வெந்நீர் வேண்டாமா? இத்தனை காலமும் இந்த ஏரி சும்மாவே கிடந்தது. பறவைகள் வந்தன. முட்டையிட்டன. போய்விட்டன. இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று ஒருவராவது கேட்டதுண்டா? நாங்கள் கேட்டோம்! பார்க்க ஆள் இல்லாத இயற்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆகவே இனிமேல் இங்கே ஒரு பறவைகூட வீணாகப் பறக்காது என்று உறுதி கூறுகிறேன்!"

கூட்டம் கைதட்டியது. பறவைக்கு ஆகாது என்று விசிலடிக்கத் தடை போட்டிருந்ததால், தட்டலை இரண்டு மடங்காகத் தட்டினார்கள்.

அடுத்தது தலைவர் திட்டைப் பார்வையிடுவது. உள்ளூர்க்காரருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, நத்தையைத் துடுப்போடு நிற்க வைத்திருந்தார்கள். படம் பிடித்து முடிந்ததும் தலைவர் கேட்டார்.

"எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"மெதுவாத்தாங்க போகணும். கீழ்க் கிளைக் கூட்டுல எல்லாம் முட்டை இருக்கு."

"எனக்கு இன்னும் ரெண்டு காடு திறக்க வேண்டியிருக்கு" என்று தலைவர் மோட்டார் படகில் ஏறிவிட்டார்.

படகு திட்டைச் சுற்றிச் சீறிக்கொண்டு போனது. அலை எழும்பித் தாழ்ந்த கிளைகளில் மோதியது. திட்டில் இருந்த பறவை அத்தனையும் ஒரே மூச்சில் எழும்பி வானத்தை மறைத்தன. "பாருங்கள், நம்மை வரவேற்கின்றன!" என்று ஒலிபெருக்கி கூவியது. கரையில் நின்றவர்கள் ஆஹா ஆஹா என்றார்கள். கிளைகளுக்கு அடியில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை, நத்தைக்குத் தெரிந்தது. துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கைக்கு எட்டினவற்றை எடுத்துப் பார்த்தார். எல்லாமே விரிசல் விட்டிருந்தன. காவலுக்கு நின்றவர் ஓடி வந்து, "யோவ், முட்டையைத் தொடாதே, இது பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று சட்டையைப் பிடித்துக் கரையேற்றினார்.

வீட்டைக் காலி செய்ய வந்தவர்களைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு மரியாதை. ஒரு பலகையை உடைக்கவில்லை, ஒரு ஓட்டைச் சிதைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கழற்றி அடுக்கினார்கள். கதவில் ஒரு எண், நிலையில் ஒரு எண், மீன்காரம்மா துணி மாட்டும் ஆணியில்கூட ஒரு எண்.

"எங்கய்யா கொண்டு போறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"பாதுகாக்கத்தாம்மா" என்றார்கள்.

இருவரும் நகரத்தில் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர், மூடினால் புழுக்கம். நத்தைக்கு அங்கே படகும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் எழுந்து, பழக்க தோஷத்தில் துடுப்பைத் தேடி மூலையைத் துழாவுவார். பிறகு வெளியே போய்ப் பேருந்துகள் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மீன்காரம்மா எங்கெங்கோ அலைந்து மீன் வாங்கி விற்றாள்.

அடுத்த பருவத்தில் பறவை வரவில்லை. வாரியம் அசந்துவிடவில்லை. 'அமைதி' என்று கத்திய ஒலிபெருக்கிகளிலேயே இப்போது கொக்குச் சத்தம், நாரைச் சத்தம், குஞ்சுகள் கத்தும் சத்தம் எல்லாம் போட்டார்கள். திட்டில் சிமெண்டுக் கொக்குகளை நட்டார்கள். சாயங்காலம் ஆனால் அவற்றின் கண்ணில் விளக்கு எரியும். வந்தவர்கள் இது இன்னும் வசதி என்றார்கள். நிஜக் கொக்கு, படம் எடுக்கும் நேரத்தில் நகர்ந்துவிடுகிறது அல்லவா?

ஆனால் நத்தை விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் வாழும் அரிய நத்தை என்ற செய்தி எப்படியோ வெளிநாடு வரை போயிருந்தது. வாரியமும் ஆசை ஆசையாக நத்தையைத் தன் சின்னமாக்கி, தொப்பியில், பையில், விடுதித் துண்டில், கழிப்பறைக் கதவில் எல்லாம் போட்டுவிட்டது. உலகத்திலேயே தலைசிறந்த பாதுகாப்பு என்று விருது கொடுக்க ஒரு குழு கிளம்பி வருகிறதாம். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஜோடியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். வாரியத்து ஆட்கள் சேற்றில் இறங்கித் தேடினார்கள். இருந்த நத்தைகளெல்லாம் மோட்டார் படகு எண்ணெயில் எப்போதோ செத்துப்போயிருந்தன. கணக்கெடுப்புக்காரரைக் கூப்பிட்டு அதட்டியதில்தான் டீக்கடைக் கதை வெளியே வந்தது.

பியூன் தம்பி பணிமனைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாமா, அக்கா, உடனே வாங்க! உங்களைத்தான் தேடுறாங்க. வீட்டைத் திருப்பிக் குடுக்கப் போறாங்க போல!"

மீன்காரம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் நின்றுகொண்டே பேருந்தில் வந்தார்கள். வீட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று நத்தை இரண்டு தடவை சொன்னார்.

அதிகாரி சுழல் நாற்காலியில் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார்.

"உங்க பேரு நத்தைதானே?"

"நான் மனுஷன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"அது பாதுகாப்பு சொன்னது. அவங்க கொஞ்சம் கறார். நாங்க அப்படியில்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்களோட மல்லுக்கட்டறதே எங்களுக்குப் பெரிய பாடு."

"வீடு கிடைக்குங்களா?"

"கிடைக்காம? உங்க வீட்டை அப்படியே, ஒரு ஆணி குறையாம, விடுதிக்கு முன்னாடி நிறுத்தியிருக்கோம். 'நத்தைக் குடில்'னு பேரு. நீங்க ரெண்டு பேரும் அதுல வாழ்ந்து காட்டணும்."

நத்தை சந்தோஷத்தில் மீன்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "வாழ்ந்து காட்டறோம்ங்கய்யா. நிச்சயமா வாழ்ந்து காட்டறோம்."

"பயணிகளுக்குத்தான். பார்வை நேரத்துல மட்டும். காலையில கேட் திறந்ததும் வந்துடுங்க, மூடறப்போ கிளம்பிடலாம். பதவிக்குக்கூடப் பேரு வச்சாச்சு, வாழ்ந்து காட்டுநர்."

"ராத்திரி?"

"ராத்திரி அங்க யாரும் தங்கக் கூடாது. வாழிடமாச்சே."

மீன்காரம்மாவுக்குக் கால் கடுத்தது. விடியலிலிருந்து நின்ற கால். சுற்றிப் பார்த்தாள், உட்கார வேறு ஒன்றும் இல்லை. போய் அந்த மர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி இதைக் கவனிக்கவில்லை. அவர் குனிந்து நியமன ஆணையை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும், எழுந்து நடக்கச் சோம்பல் வந்ததோ என்னவோ, பழக்கத்தில் எதிர் மேசையைப் பார்த்து, "பாதுகாப்புக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இருக்கு" என்றாள் மீன்காரம்மா.

அதிகாரி நிமிர்ந்தார். அவருடைய பணிக்காலத்தில் அந்த நாற்காலியிலிருந்து அந்தச் சொல் வந்ததே கிடையாது. சட்டம் நாற்காலியைத்தான் சொல்லியிருந்தது, அதில் யார் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. இத்தனை நாளும் அந்த ஓட்டையில்தான் அவரே உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"என்... என்ன ஆட்சேபணைங்க மேடம்?"

"மொதல்ல அந்த ஒலிபெருக்கியைக் கழட்டுங்க. சிமெண்டுக் கொக்கை உடைச்சுப் போடுங்க. மோட்டார் படகைத் தூக்கிக் கரையில வைங்க. வண்டி நிறுத்துற இடத்தைத் தோண்டி விடுங்க, நாணல் தானா வரும். எங்க வீட்டை எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே கொண்டுபோய் வைங்க. இந்த மனுஷன் பாட்டுக்குத் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போகட்டும். கொக்கு வந்தா வரட்டும். வரலைன்னாலும் அது வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க எங்களை விட்டா யாருங்க இருக்கா?"

அதிகாரி எழுதினார். ஒவ்வொரு வரியாக, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நத்தை எட்டிப் பார்த்தார். இந்த உலகத்தில் ஒரு காகிதத்தில், ஒரு நாற்காலியின் பேரால், நியாயம் என்று ஒன்று எழுதப்படுவதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

பிறகு அதிகாரி தொலைபேசியை எடுத்துத் தலைவரிடம் பேசினார். "ஆமாங்கய்யா, ஆட்சேபணை வந்திருக்கு. இல்லைங்கய்யா, முறைப்படிதான். நாற்காலியில இருந்துதாங்கய்யா." அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ சொன்னார்கள். கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் தெளிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு மணியடித்தார். தம்பி உள்ளே வந்தான்.

"அந்த நாற்காலியை எடுத்து வெளியே போடு. பாதுகாப்புப் பிரிவை மேம்படுத்தியாச்சு. இனிமே எல்லாம் ஒரே பிரிவுதான்."

தம்பி அக்காவுக்கு எதிரே வந்து நின்றான். நாற்காலியின் கையைப் பிடித்தான், விட்டான்.

"அக்கா, எழுந்திரு."

அவள் அசையவில்லை.

"அக்கா, என் வேலை போயிடும்க்கா. வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு."

மீன்காரம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் இவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. அவள் எழுந்தாள்.

"உனக்காக எழுந்திருக்கேன்டா. இந்த ஆளுக்காக இல்ல."

தம்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அதிகாரி எழுதிய காகிதத்தைக் கிழிக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. காற்றில் மற்றதெல்லாம் பறக்காமல் இருக்க மேலே ஒரு கனம் வைப்பார்களே, அந்தக் கனத்துக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

வாடகை அறைக்குத் திரும்பியதும் மீன்காரம்மா சொல்லிவிட்டாள். "நான் வரமாட்டேன். வாழ்ந்தா வாழ்வேன். காட்டமாட்டேன்."

நத்தை போனார். அதற்காக அவரை யாரும் குறை சொல்லிவிட முடியாது. அறைக்குள் அவரால் இருக்க முடியவில்லை. தன் வீட்டுக் கதவைத் தன் கையால் திறந்து உள்ளே போய்ப் பகல் பொழுதாவது உட்காரலாம் என்ற ஆசைதான். ஜோடி குறையக் கூடாது என்று வாரியம் மீன்காரம்மாவுக்குப் பதில் கூடையோடு ஒரு சிமெண்டுப் பெண்ணைச் செய்து வைத்தது. அவளைப் பார்த்திராத யாரோ செய்தது. எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் குழு வந்து பார்த்து, நத்தையைச் சுற்றி நடந்து, ரொம்பவே நெகிழ்ந்து விருதைக் கொடுத்துவிட்டுப் போனது. அடுப்பு மூட்டினால் புகை மாசு என்பதால் அடுப்பில் மின்சாரச் சிவப்பு விளக்கு எரிந்தது. மூலையில் அந்த மர நாற்காலி. வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போதவில்லை என்று கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, 'பழமையான பொருள், உட்காரக் கூடாது' என்று எழுதியிருந்தார்கள். தம்பியை இப்போது இங்கே காவலுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கடைசியாக ஒரு குடும்பம் வந்தது. அதில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. குடிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.

"நீங்க இங்கேயேதான் வாழ்றீங்களா?" என்று கேட்டாள்.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நத்தைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஆமாங்க. பரம்பரை பரம்பரையா இங்கேதான் வாழ்றோம்."

"குடுத்து வச்சவங்க" என்றாள் அவள். மனசாரச் சொன்னாள். "எவ்வளவு அமைதி! நாங்கல்லாம் நகரத்துல கிடந்து சாகறோம்."

மணி அடித்தது. ஒலிபெருக்கியில் கொக்குச் சத்தம் நின்றது. தம்பி விசிலை ஊதிக்கொண்டு வந்தான். குடும்பம் வண்டியை நோக்கி நடந்தது. நத்தை அடுப்பை அணைத்தார், கதவைப் பூட்டினார், சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். துணிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, நீங்க எங்க போறீங்க? இங்கேதான் வாழ்றதா சொன்னீங்க?"

அதற்கு என்ன சொல்வது என்று எழுதிக் கொடுக்கவில்லை. நத்தை தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, "இங்க யாரும் தங்கக் கூடாதுங்க, அம்மா. இது வாழிடம்" என்றான்.

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நல்லதுதான். இப்படிக் கறாரா இருந்தாத்தான் எதையும் காப்பாத்த முடியும்."

சாலையில் பேருந்து வந்து திரும்பும் சத்தம் கேட்டது. அதை விட்டால் வேறு கிடையாது. வாழ்நாளில் எதற்கும் அவசரப்பட்டிராத நத்தை, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சிமெண்டுக் கொக்குகளைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.